காரலின் தொண்டைக்குள் இருந்த வெளிச்சம்

காரல் மீனைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது, பிள்ளை பெற்றவளுக்கு அது பால் சுரக்க வைக்கும் என்பதுதான். சொன்னவர், முல்லைத்தீவுக் கரையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா. அவர் மீன் விற்பவர். விடியப்புறம் கரைக்குப் போய், கரவலை இழுத்து முடிந்ததும் மீனை வாங்கி, வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, ஸ்கூட்டியின் பின்னால் கட்டிக்கொண்டு தண்ணீரூற்றுச் சந்தைக்குப் போவார். மத்தியானம் திரும்பி வரும்போது எங்கள் கேற்றடியில் ஒருமுறை ஹோர்ன் அடிப்பார். நாற்பது வயதளவில் இருக்கும். கடைசிச் சண்டையில் புருஷனை இழந்தவர். ஒரே மகளை வளர்த்துப் படிப்பித்து மன்னாரில் கட்டிக் கொடுத்திருந்தார். வீட்டில் அவரும், மாதாவின் படத்துக்கு முன்னால் எந்நேரமும் எரியும் ஒரு சின்ன மின்குமிழும்தான்.

நான் கடல் தெரியாத இடத்தில் வளர்ந்தவள். அம்மாவும் அப்பாவும் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, அங்கே இருக்க முடியாமல் போனபோது வன்னிக்கு இறங்கி வந்து, பூவரசங்குளத்தில் கூலி வேலை செய்து, பிறகு கொஞ்சம் வயலும் சேர்த்தவர்கள். எங்கள் வீட்டில் மீன் என்றால் குளத்து மீன். கடல் மீன் கருவாடாகத்தான் வரும். விஞ்ஞான ஆசிரியையாக எனக்கு முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலையொன்றுக்கு நியமனம் வந்தபோது, அப்பா சொன்னது ஒன்றுதான்: “தண்ணி பக்கம் தனியாப் போகாத.”

கணவர் நெளுக்குளத்தில் உழவு இயந்திரம் திருத்தும் ஓரிடத்தில் வேலை செய்தார். சனிக்கிழமை பின்னேரம் வந்து திங்கட்கிழமை விடியப் போய்விடுவார். மகள் பிறந்தபோது அம்மா வந்து ஒரு மாதம் நின்றார். பிறகு சிறுபோக அறுப்பு தொடங்க, அப்பாவால் தனியே சமாளிக்க முடியவில்லை. போகும் நாளில் அம்மா மதிலடிக்குப் போய் அக்காவுடன் நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றார். வந்து என்னிடம், “அவங்க சொல்றத கேட்டு நடந்துக்கம்மா. நான் பேசி வச்சிருக்கேன்,” என்றார்.

அம்மா போன மூன்றாம் நாளிலிருந்து எனக்குப் பால் குறைந்தது. மகள் குடித்துவிட்டு அழுவாள், அழுதுவிட்டு மறுபடி குடிக்கத் தேடுவாள். ஒரு கைக்குழந்தையின் பசியை விடப் பெரிய சத்தம் உலகத்தில் இல்லை என்று அந்த நாட்களில் நினைத்தேன். என்னால் தூங்கவும் முடியவில்லை, விழித்திருக்கவும் முடியவில்லை. அப்படி ஒரு மத்தியானம் அக்கா கேற்றைத் திறந்துகொண்டு நேரே குசினிக்குள் போனார். கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் தானே எடுத்தார். கொண்டு வந்திருந்த காரலைத் தேங்காய்ப் பாலில் சொதியாக வைத்து, என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“முழுக்கக் குடியுங்கோ ரீச்சர். முள்ளுக் கவனம். காரலைத் தின்ன அவசரப்படக் கூடாது.”

உள்ளங்கையளவு மீன். கண்ணாடித் துண்டு மாதிரி மெல்லிசு, வெள்ளி நிறம், தோல் முழுவதும் வழுவழுப்பு. முள்ளை எடுத்தால் சதை கொஞ்சம்தான் மிஞ்சும். ஆனால் அந்தச் சொதியின் ருசி எனக்கு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. நான்கைந்து நாட்களில் பால் ஊறத் தொடங்கியது. அது காரலால் வந்ததா, ஒருவர் பக்கத்தில் இருந்து குடிக்க வைத்ததால் வந்ததா என்று விஞ்ஞானம் படித்த மூளை கேட்டது. உடம்பு அந்தக் கேள்வியைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஹோர்ன் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வரும் அளவுக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டு கிழமை இப்படிப் போனது. ஒருநாள் அக்காவுக்குச் செத்த வீடொன்றுக்குப் போக வேண்டியிருந்தது. சமைத்துத் தர நேரமில்லை. பச்சை விளிம்பு வைத்த தன் எனாமல் சட்டியில் காரலைக் கடல் தண்ணீரோடு கொண்டு வந்து தந்தார். “கரையில இருந்து நேர வாறன். ஐஸ் போடேல்ல. இந்தத் தண்ணியோடயே இருக்கட்டும். சமைக்கேக்க கழுவுங்கோ.”

நான் மீனை வெட்டத் தொடங்கியதும் மகள் எழும்பிவிட்டாள். பாதி வெட்டிய மீனையும் எடுத்த குடலையும் அதே சட்டியில் போட்டு மூடிவிட்டு ஓடினேன். அவளைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, நித்திரையாக்க நேரம் போய்விட்டது. ஏழு மணியளவில் கறன்ற் போனது. அது சோளகக் காற்றுக் காலம், எங்காவது ஒரு கொப்பு கம்பியில் முறிந்து விழுந்துவிடும். மெழுகுதிரி எடுக்கக் குசினிக்குள் தடவித் தடவிப் போனேன். இருட்டில் கை பட்டு, சட்டியின் மூடி கீழே விழுந்தது.

சட்டிக்குள் வெளிச்சம் இருந்தது.

நீலம் என்று சொல்லலாம், பச்சை என்றும் சொல்லலாம். மங்கலாக, குளிர்ந்து, அசையாமல். வெட்டிய மீன்களின் தலைக்குக் கீழேயும், குடல் கிடந்த இடத்திலும் அது கூடுதலாக இருந்தது. விரலால் தொட்டேன். விரல் நுனியிலும் ஒட்டிக்கொண்டு மினுங்கியது. சூடில்லை. மீன் மணத்தைத் தவிர வேறு மணமும் இல்லை.

இந்த மண்ணில் வளர்ந்த எவருக்கும், இருட்டில் தானாக மினுங்கும் ஒரு பொருளைக் கண்டால் நல்ல நினைப்பு முதலில் வராது. என்ன வெடிமருந்து, எங்கே விழுந்தது, எத்தனை நாளாகக் கடலுக்குள் கிடந்தது என்றுதான் புத்தி ஓடும். என் புத்தியும் அப்படித்தான் ஓடியது. இரண்டு கிழமையாக இதைத்தான் சாப்பிடுகிறேன். அது பாலாகி மகளுக்குப் போகிறது. கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். பிறகு போனை எடுத்து அந்தச் சட்டியை வீடியோ எடுத்தேன். திரையில் கறுப்புக்குள் ஒரு நீலப் புகை மட்டும் தெரிந்தது. நடுவில் ரோர்ச்சைப் போட்டு மீனைக் காட்டினேன். “காரல் மீன் எரியுது. இதைத்தான் நான் இவ்வளவு நாளும் சாப்பிட்டனான்,” என்று சொல்லிக் கணவருக்கு அனுப்பினேன்.

அவர் உடனே அழைத்தார். “பிள்ளை எப்பிடி இருக்கிறாள்?” என்றுதான் முதலில் கேட்டார். நல்லாக இருக்கிறாள் என்றேன். “அந்த மீனைத் தொடாத. நான் ஆரிட்டயும் கேட்டுப் பாக்கிறன்.”

அவர் கேட்ட ஆள் அவருடைய தங்கை. அவள் கேட்டது தன் பாடசாலைத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில். அதற்குப் பிறகு யார் யாரிடம் கேட்டார்கள் என்று எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் காலை, எங்கள் பாடசாலை ஆசிரியர் குழுவுக்கே அது வந்து சேர்ந்தது. என் குரல் வெட்டப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக யாரோ ஓர் ஆண் குரல் சொன்னது: “முல்லைத்தீவுக் கடலில் நஞ்சு கலந்துள்ளது. மீன் வாங்குவதைத் தவிர்க்கவும். அனைவருக்கும் பகிரவும்.”

அந்த நாட்களில் நான் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கா வழமைபோலச் சொதி கொண்டு வந்தார். நான் வாங்கினேன், நன்றி சொன்னேன், அவர் போனதும் வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் மனம் நோகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், பதிலைக் கேட்கப் பயந்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் மதிலுக்கு மேலால் பார்த்தபோது, அக்காவின் முற்றம் முழுவதும் வலை விரித்து, அதன்மேல் காரல் காய்ந்துகொண்டிருந்தது. முந்திய நாட்களின் மீனும் அன்றைய மீனும். ஒன்றும் விற்பனையாகவில்லை. அவர் முழங்காலில் குந்தி ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அன்றுதான் எனக்குப் புத்தி வந்து, படித்த ஒருத்தியிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி, யாழ்ப்பாணத்தில் மாணவர்களுக்குக் கடல் உயிரினங்களைப் பற்றிப் படிப்பிக்கிறாள். அவளுக்கு அழைத்தேன். நான் சொல்லி முடிக்க முன்னமே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

“அந்த வீடியோ எனக்கும் வந்தது. எந்த மடையன் எடுத்தவன் எண்டு நினைச்சனான்.”

“நான்தான் அந்த மடைச்சி.”

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினாள். காரல் மீனின் தொண்டைக்குழாயைச் சுற்றி ஒரு சின்ன வளையம் இருக்கிறது. அதற்குள் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன. வெளிச்சம் அவற்றினுடையது. மீன் அவற்றுக்கு இருக்க இடமும் உணவும் ஒட்சிசனும் கொடுக்கிறது. அவை வெளிச்சம் கொடுக்கின்றன. மேலேயிருந்து கடலுக்குள் இறங்கும் வெளிச்சத்தோடு தொண்டையிலிருந்து மீனின் வயிறு வழியாக வெளியே வரும் வெளிச்சமும் ஒத்துப் போவதால், கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பெரிய மீனுக்குக் காரலின் நிழல் தெரியாது. தப்பிவிடும்.

“நஞ்சில்லையோ?”

“ஒரு நஞ்சுமில்லை. சமைச்சால் அது செத்துப்போகும். மீன் பழுதோ எண்டு பாக்கிறதுக்கு மூக்கு இருக்குது. வெளிச்சத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நீ பற்றீரியா படிப்பிக்கிறனி எல்லோ? என்னத்தைப் படிப்பிக்கிறாய்?”

அவள் கேட்டது சரி. பற்றீரியா என்றால் நோய், தயிர், பயற்றங்கொடியின் வேர்முடிச்சு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டில் காரல் கறி. ஒருநாளும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தோழி இன்னொன்றும் சொன்னாள். அதை நான் பல தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். முட்டையிலிருந்து வரும் காரல் குஞ்சுக்கு வெளிச்சம் இல்லை. பெரிய மீன்கள் தங்களுக்குள் பெருகும் பற்றீரியாவில் ஒரு பங்கைக் கடலில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. குஞ்சு அதைக் கடல் தண்ணீரிலிருந்துதான் பெற்றுக்கொள்கிறது.

போனை வைத்த கையோடு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த மீன் எரியுற வீடியோ. அது நான் எடுத்தது.”

அவர் நிமிரவில்லை. “தெரியும் ரீச்சர்.”

“எப்பிடித் தெரியும்?”

“ரோர்ச் அடிச்சனீங்கள் எல்லோ. சட்டி தெரியுது. பச்சை விளிம்பு, ஒரு பக்கம் நசுங்கினது. என்ர சட்டி எனக்குத் தெரியாதோ?”

அங்கே கிடந்த மரக்குற்றியில் இருந்தேன். “தெரிஞ்சும் சொதி கொண்டு வந்தனீங்கள்.”

“பிள்ளைக்குப் பால் வேணுமே.” இன்னொரு மீனைப் புரட்டிவிட்டுத் தொடர்ந்தார். “கோவம் வரேல்ல எண்டு சொல்லமாட்டன். முதல் நாள் உங்கட கேற்றடியால வரேக்க, ஹோர்ன் அடிக்காமல் நேர போவம் எண்டு நினைச்சனான். பிறகு உங்கட அம்மாவின்ர முகம் வந்துது. அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவா.”

“நான் அதைக் குடிக்கேல்ல அக்கா. கொட்டினனான்.”

“அதுவும் தெரியும். உங்கட வளவுக்குள்ள மூண்டு நாளாக் காகம் கத்தினது.”

அவர் சிரித்தார். நான் அழுதேன். மகள் இரண்டுக்கும் நடுவில் என் தோளில் கக்கிவிட்டாள். அக்கா எழும்பி வந்து, சால்வைத் துண்டொன்றால் துடைத்து, அவளைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

தோழி சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். “பூச்சி எண்டு தெரியாது. ஆனால் எரியுமெண்டு கரையில எல்லாருக்கும் தெரியும். இவர் தூண்டிலுக்குப் போகேக்க காரலின்ர தொண்டையைப் பிதுக்கி இரையில தேய்ச்சுக்கொண்டு போவார். கணவாய்த் துண்டு மினுங்கினால் மீன் தேடி வருமாம்.” இவர் என்று அவர் சொன்னது இறந்த கணவரை.

“இதைச் சந்தையில சொல்லியிருக்கலாமே அக்கா?”

“சொன்னனான். மீன்காரி தன்ர மீனை நல்லதெண்டுதானே சொல்லுவாள்? ஆர் நம்புறது?”

“அப்ப நான் வந்து சொல்லுறன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பச்சை உடம்போடயோ?” என்றார். பிறகு, “சொல்லிச் சரிவராது ரீச்சர். காட்ட வேணும்,” என்றார்.

அந்தச் சனிக்கிழமை கணவர் வந்தார். வந்ததும் என்னிடம் கூடப் பேசாமல் அக்கா வீட்டுக்குப் போய், மதிலடியில் நின்று, “அக்கா, என்ர பிழை. நான்தான் அதை மற்ற ஆளுக்கு அனுப்பினது,” என்றார். அக்கா அவரிடம், “அப்ப நாளைக்கு ஓட்டோ ஒண்டு பிடிச்சுக்கொண்டு வாங்கோ தம்பி, எனக்கு உதவி வேணும்,” என்றார்.

ஞாயிறு காலைப் பூசைக்கு அக்கா போகவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியும். கரையிலிருந்து மீனோடு வந்தார். ஒரு கலனில் கடல் தண்ணீரும் இருந்தது. நாங்கள் ஓட்டோவில் பின்னால் போனோம். தண்ணீரூற்றுச் சந்தையில் அவர் மீன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறிக் கடை. அந்தக் கடைக்கார ஐயா தேங்காய் அடுக்கி வைக்கும் அறைக்கு ஜன்னல் இல்லை. அவரும் காரல் வாங்குவதை நிறுத்தியவர்தான். ஆனால் அக்கா கேட்டதும் தேங்காய்களைத் தானே ஒரு பக்கம் ஒதுக்கித் தந்தார். கணவர் வாசலுக்குக் குறுக்கே தறப்பாளைக் கட்டி, ஓட்டைகளைச் சாக்கால் அடைத்தார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் “உள்ள போய்ப் பாருங்கோ” என்றார்.

முதல் தரம் எட்டுப் பேர் வந்தார்கள். சந்தைக்கு வந்த பெண்கள் ஐந்து பேர், கடைக்கார ஐயா, கீரை விற்கும் அம்மா ஒருவர், சைக்கிளோடு வந்து அதை விட மனமில்லாமல் வாசலில் சாய்த்துவிட்டு வந்த ஒரு பெரியவர். காலை ஒன்பதரை மணி. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே தறப்பாளை இழுத்து மூடியதும் கை தெரியாத இருட்டு.

“கண் பழகப் பத்து நிமிசம் எடுக்கும்,” என்றேன். “பொறுத்திருங்கோ.”

தேங்காய் மட்டை மணமும் மீன் மணமும் வேர்வையும். சற்று நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து கீரைக்கார அம்மாவின் குரல் வந்தது. “கனகாலத்துக்குப் பிறகு இப்பிடி இருக்கிறம்.” அவர் எதைச் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சண்டை நேரம் பங்கர்க் குழிக்குள் இருந்தவர்கள். யாரோ ஒருவர் மூச்சை நீளமாக விட்டார்.

அந்த இருட்டில் சொல்வது சுலபமாக இருந்தது. “அந்த வீடியோ நான் எடுத்தது,” என்றேன். “நான் ஒரு விஞ்ஞான ரீச்சர். எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும், தெரியேல்ல. பயத்தில எடுத்து அனுப்பினனான். கடலில நஞ்செண்டு நான் சொல்லேல்ல, ஆனால் தொடங்கினது நான்தான். இந்த அக்காவின்ர மீனில ஒரு குறையுமில்லை.”

நான் பெட்டியிலிருந்து ஒரு காரலை எடுத்துத் தடவித் தடவித் தொண்டையைக் கீறினேன். எல்லோரும் கிட்டக் குனியும் சத்தம் கேட்டது. ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றைக் கீறினேன். அதிலும் இருட்டுத்தான்.

பெரியவர் கேட்டார், “எங்க பிள்ளை எரியுது?”

ஒரு பெண் சிரித்தாள். வெளிக்கிட்டுப் போகலாமா என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். அப்போது அக்கா என் கையைப் பிடித்து மீனை வாங்கினார்.

“உது ஐஸ் பட்ட மீன் ரீச்சர். விறைச்சுப்போய்க் கிடக்கு. இஞ்ச தாங்கோ.”

கலனிலிருந்து கடல் தண்ணீர் சட்டியில் ஊற்றப்படும் சத்தம் கேட்டது. அவர் மீன்களை அதில் போட்டு அலசினார். அலசி, கொஞ்ச நேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு பெருவிரலால் தொண்டையைப் பிதுக்கி, தன் உள்ளங்கையில் இழுத்துத் தேய்த்தார்.

இருட்டுக்குள் ஒரு கை தெரிந்தது. முதலில் ஒரு கோடு, பிறகு விரல்கள், பிறகு ரேகைகளோடு முழு உள்ளங்கையும், அதே நீலப் பச்சையில். அவர் கையைச் சட்டிக்குள் விட்டுக் கலக்க, தண்ணீர் முழுவதும் மெல்ல வெளிச்சம் பரவியது. காற்றுப் படப்பட அது கூடியது. குனிந்திருந்தவர்களின் முகம் தெரியும் அளவுக்கு இல்லை. ஆனால் எட்டுப் பேர் ஒன்றாக மூச்சு இழுத்தது எனக்குக் கேட்டது.

“மாதாவே,” என்றது ஒரு குரல். சந்தைக்குப் பிள்ளையார் கோயில் திருநீற்றோடு வந்த பெண்ணின் குரல் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். வளையம், பற்றீரியா, மீன் கொடுக்கும் சாப்பாடு, அவை கொடுக்கும் வெளிச்சம். பெரியவர் யோசித்துவிட்டுக் கேட்டார், “அப்ப உதைத் தின்னால் நாங்களும் இருட்டில எரிவமோ?”

“எரிஞ்சால் கறன்ற் பில் மிச்சம்,” என்றார் கடைக்கார ஐயா. அறை முழுவதும் சிரித்தது. அக்காவும்தான்.

அன்று ஐந்து தரம் தறப்பாளை மூடித் திறந்தோம். கடைசியில் நின்றவர்களில் சிலர் இரண்டாம் தரம் வந்தவர்கள். மீன் எல்லாம் போகவில்லை. சிலர் பார்த்துவிட்டு, “எண்டாலும் ஒரு பயம்தான்,” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். கீரைக்கார அம்மா முதலில் வாங்கினார். வாங்கியபடி என்னைப் பார்த்து, “பிழையை வந்து சொன்னியே பிள்ளை,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கிழமைக்குள் அக்காவின் பெட்டி பழையபடி காலியாகத் திரும்பத் தொடங்கியது. முற்றத்தில் காய்ந்த கருவாட்டைக் கணவர் நெளுக்குளத்துக்குக் கொண்டுபோய்த் தன்னோடு வேலை செய்பவர்களின் வீடுகளுக்குக் கொடுத்தார். ஒரு துண்டு கூட மிஞ்சவில்லை என்று போனில் சொன்னபோது, அவர் குரலில் பெரிய வேலையொன்றை முடித்த நிம்மதி இருந்தது.

அந்த வீடியோ மட்டும் சாகவில்லை. இப்போதும் இடைக்கிடை யாரோ ஒருவர் எங்கிருந்தோ அதை எனக்கே அனுப்புகிறார்கள். அனுப்புபவர்களுக்கு நான் தோழி சொன்னதை எழுதி அனுப்புகிறேன். சிலர் நன்றி என்று போடுவார்கள். பலர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அனுப்பிய ஒன்றைத் திருப்பி எடுக்க முடியாது என்பதை இப்படித்தான் படித்தேன்.

சொதி திரும்பவும் வந்தது. இந்த முறை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மகள் ஆறு மாதம் என் பாலை மட்டும் குடித்து வளர்ந்தாள். கிளினிக்கில் அவளை நிறுக்கும் மருத்துவமாது ஒவ்வொரு முறையும், “என்ன சாப்பாடு சாப்பிடுறீங்கள்?” என்று கேட்பார். “காரல்,” என்று நான் சொல்ல, “பின்ன என்ன,” என்பார். அம்மா போனில் அழைத்து என்னிடம் ஒரு நிமிடமும் அக்காவிடம் அரை மணித்தியாலமும் பேசுவார். மலைநாட்டுத் தமிழும் கடற்கரைத் தமிழும் அந்தப் போனுக்குள் எப்படி விளங்கிக்கொண்டன என்று எனக்குத் தெரியாது. இருவரும் பேசி முடித்ததும், எனக்கு என்ன சமைக்க வேண்டும் என்பது முடிவாகியிருக்கும்.

பிரசவ விடுமுறை முடிந்து நான் பாடசாலைக்குப் போன முதல் மாதத்தில், ஒருநாள் பின்னேரம் அக்காவை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தயங்கித் தயங்கித்தான் வந்தார். எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து போனவர், அதற்குப் பிறகு மகளின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்து வைக்க அன்றி ஒரு பாடசாலைக்குள் கால் வைத்ததில்லை என்றார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று சொல்லியும் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

அன்றைய காரலின் தொண்டையிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுணுக்குக்காட்டியைச் சரிசெய்து கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லை. கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“புள்ளி புள்ளியா ஓடித் திரியுது.”

“ஓம் அக்கா. அதுதான்.”

“இவ்வளவு சின்னதோ?” மறுபடி குனிந்தார். “இதுகள்தானோ அண்டைக்கு என்ர கையில இருந்தது?”

“ஓம்.”

அவர் நிமிர்ந்து, தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கத்தி வெட்டிய தழும்புகளும் செதில் கிழித்த கோடுகளும் உப்பில் ஊறித் தடித்த தோலும் உள்ள கை. “இவருக்கு இதைக் காட்டியிருக்கலாம்,” என்றார். “சும்மா சும்மா கேப்பார். ஏனப்பா இது எரியுது, உனக்குத் தெரியுமோ எண்டு. எனக்கென்ன தெரியும், போய் நித்திரை கொள்ளுங்கோ எண்டுவன்.”

அடுத்த மேசையில், பின்னேர வகுப்புக்கு நின்ற எனது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் கொப்பிகளை மூடிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைக் கண்டு, வெட்கப்பட்டுக் கண்ணைத் துடைத்து, பிறகு கையை அசைத்துக் கூப்பிட்டார்.

“வாங்கோ பிள்ளையள். கிட்ட வந்து பாருங்கோ. நீங்களும் காரல் தின்னுறனீங்கள்தானே?”

அவர்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யார் முதலில் பார்ப்பது என்று அக்காதான் வரிசை வைத்தார்.